பானை வாய் மூடிக்கொண்டால், குளம் கடலுக்கடியில் போனால்: முப்பரிமாண ஸ்கேனில் பிழை நீக்கும் வழிமுறை

மெஷ்லேப், பிளெண்டர், கிளவுட்கம்பேர் இதில் ஏதாவது ஒன்றையாவது திறந்து, மெஷ் என்றால் முக்கோணங்களால் ஆன வலை என்கிற அளவுக்குத் தெரிந்தவர்களுக்கு இது. நம் திருநெல்வேலிப் பக்கம் இந்த வேலையில் கைக்கு வருவது பெரும்பாலும் காருகுறிச்சி மண்பாண்டம் மாதிரி மேசையில் வைத்துச் சுற்றக்கூடிய பொருள், கோயில் சுவர்க் கல்வெட்டு, இல்லையென்றால் டிரோன் விட்டு எடுத்த குளம். அதனால் உதாரணமும் அவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை கண்ணில் படுகிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் வேறு. ஸ்லைசர் (மாடலைப் பிரிண்டருக்காக அடுக்கடுக்காக வெட்டித் தரும் மென்பொருள்) கத்தினால் ஸ்லைசரை நோண்டிப் பயனில்லை, அநேகமாக இரண்டு மூன்று படி முன்னாலேயே எங்கோ கெட்டிருக்கும். ஆகவே 'ரிப்பேர்' பட்டனை அழுத்துவதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள்: மாடலின் நீள அகல உயரம், எத்தனை தனித்தனித் துண்டுகள், ஒரே ஒரு முக்கோணம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்புகள் எத்தனை, கன அளவு கூட்டலா கழித்தலா. எந்த மென்பொருளிலும் இது ஒரு நிமிட வேலை. ரிப்பேர் பட்டன் நோயை மறைத்துவிடும், அப்புறம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பிரிண்ட் எறும்பு சைஸில் வருகிறது

பிரிண்டுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. வெறும் எண்கள்தான். பிளெண்டரில் 1 என்றால் 1 மீட்டர் என்று நினைத்து வரைந்திருப்பீர்கள், ஸ்லைசர் அதை 1 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரத்தால் பெருக்கினால் முடிந்தது. போட்டோ எடுத்து உருவாக்கிய மாடல் என்றால் நிலைமை இன்னும் மோசம், அதற்கு அளவே தெரியாது. படத்தில் ஒரு ஸ்கேலோ அளவு தெரிந்த வேறு ஏதாவதோ இருந்தால், அல்லது படத்தோடு ஜிபிஎஸ் இடம் பதிவாகியிருந்தால் அளவை மீட்கலாம். இதில் எதுவும் இல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றால் பொருளை மறுபடி அளந்தாக வேண்டும்.

மாடல் மல்லாந்து கிடக்கிறதா? ஜிஎல்டிஎஃப் என்ற வகை மாடல் கோப்பில் ஒய் அச்சுதான் மேல் நோக்கியது, பிளெண்டரில் இசட். 90 டிகிரி திருப்புங்கள்.

ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, மென்பொருள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஓட்டை என்கிறது

இதுவும் எஸ்டிஎல் கைங்கரியம்தான். பைனரி எஸ்டிஎல்லில் தலைப்புக்கு 80 பைட், முக்கோண எண்ணிக்கைக்கு 4 பைட், அப்புறம் முக்கோணத்துக்கு 50 பைட் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகும். ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளையும் தானே முழுசாக எழுதி வைத்திருக்கும், பக்கத்து முக்கோணத்தோடு எந்த உறவும் கோப்பில் இருக்காது. (கோப்பு பாதியில் அறுந்துபோயிற்றா என்று சந்தேகம் வந்தால் இந்தக் கணக்கே போதும்: 10 லட்சம் முக்கோணம் என்றால் 5,00,00,084 பைட் இருக்க வேண்டும், குறைந்தால் டவுன்லோட் சரியில்லை.)

முனை எண்ணிக்கை சரியாக முக்கோண எண்ணிக்கையின் மூன்று மடங்காக இருந்தால் எதுவுமே ஒட்டவில்லை என்று அர்த்தம். ஒரே இடத்தில் இருக்கும் முனைகளை ஒன்றாக்குங்கள். ஒன்றாக்கியபின் முனைகள் முக்கோணங்களில் ஏறக்குறைய பாதியாகிவிட வேண்டும். எவ்வளவு நெருக்கமான முனைகளை ஒன்றாக்குவது என்று கேட்கும்போது முதலில் பூஜ்யம் கொடுத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் ஸ்கேனரின் புள்ளி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் மெல்லிய சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டிக்கொள்ளும், ஒரே விளிம்பில் மூன்று நாலு முக்கோணங்கள் வந்து நிற்கும். இருந்த நோயைவிட இது பெரிய நோய்.

ஒட்டியபின் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, ஆய்லருடையது. முனைகள் கழித்தல் விளிம்புகள் கூட்டல் முக்கோணங்கள். ஓட்டை இல்லாமல் மூடிய ஒற்றைத் துண்டு மெஷ்ஷுக்கு இந்த விடை 2 வந்தால் அது உருண்டையின் குடும்பம். சுவர்க் கனத்தோடு உள்ளும் புறமும் ஸ்கேன் செய்த சாதாரணப் பானையும் அந்தக் குடும்பம்தான், வாய் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது வெறும் குழிவு. கைப்பிடி ஒன்று இருந்தால் 0. கைப்பிடி கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் 2 குறையும். கைப்பிடியே இல்லாத பானைக்கு −38 வருகிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத 20 சுரங்கங்கள் மெஷ்ஷுக்குள் இருக்கின்றன. ஸ்கேன் இரைச்சலில் உருவானவை அவை. மேலே மேலே மெருகேற்றினாலும் போகாது. புள்ளித்திரளை (ஸ்கேனர் அளந்து தந்த புள்ளிகளின் கூட்டத்தை) சுத்தம் செய்து மறுபடி மெஷ் கட்டுவதுதான் மருந்து.

பாதி மாடல் கறுப்பாகத் தெரிகிறது, அல்லது ஒரு பக்கமிருந்து பார்த்தால் மறைந்துவிடுகிறது

நார்மல், அதாவது முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் அம்பு, திரும்பியிருக்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளையும் வெளியிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக எழுத வேண்டும் என்பது வழக்கம். கன அளவு கழித்தலில் வந்தால் மொத்தமும் உள்வெளி மாறிவிட்டது, ஒரே கிளிக்கில் திருப்பிவிடலாம். கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே என்று திட்டுத் திட்டாக இருந்தால், ஒரு முக்கோணத்திலிருந்து அண்டை முக்கோணத்துக்குப் பரப்பிக்கொண்டே போகும் கட்டளையைக் கொடுங்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று முக்கோண விளிம்புகள் இருந்தால் பரவுவது அங்கே தடுக்கி நிற்கும், அவற்றை முதலில் நீக்கியாக வேண்டும்.

பானையின் வாய் மூடிக்கொண்டு உப்பிவிட்டது

ஸ்கேனர் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதைப் பார்ப்பார்கள். வெளிப்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்த பானை, புள்ளித்திரள் அருமையாக இருக்கிறது, பாய்சான் முறையில் மெஷ் கட்டியதும் கழுத்துக்கு மேல் வழவழவென்று ஒரு கொழுக்கட்டை. காருகுறிச்சியில் பானை செய்கிற ஒரு அண்ணாச்சியிடம் லேப்டாப்பில் இப்படி ஒரு மாடலைக் காட்டியபோது, "ஏன் தம்பி, வாயில்லாம பானையா? இதுல எப்படிச் சோறு பொங்குவாக?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றப் போய்விட்டார்.

அல்காரிதத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது. காஷ்டன், போலித்தோ, ஹோப் மூவரும் 2006-இல் வெளியிட்ட முறை இது. புள்ளிகளின் நார்மல்களை வைத்து 'எது உள்ளே, எது வெளியே' என்று வெளி முழுவதற்கும் ஒரு சார்பைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை மேற்பரப்பாக எடுக்கிறது. உள்ளே வெளியே என்று பிரித்தாலே மேற்பரப்பு மூடியதாகத்தான் இருக்கும். திறந்த வாய் என்பதே அதற்குத் தெரியாது. புள்ளி இல்லாத இடத்தில் தனக்கு வழவழப்பாகத் தோன்றியதை இட்டு நிரப்பும்.

இரண்டு வழி உண்டு. பானையின் உள்பக்கத்தையும் விளிம்பையும் சேர்த்து ஸ்கேன் செய்வது நல்ல வழி. அது முடியாதபோது அடர்த்தியை வைத்து வெட்டுவது: மெஷ் கட்டும்போதே ஒவ்வொரு முனைக்கும் அக்கம்பக்கத்தில் எத்தனை புள்ளிகள் ஆதாரமாக இருந்தன என்ற மதிப்பும் கிடைக்கும், அதில் மிகக் குறைவாக உள்ள முனைகளை நீக்கினால் கொழுக்கட்டை போய்விடும். எவ்வளவு நீக்குவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. அடர்த்திக்கு நிறம் கொடுத்துத் திரையில் பார்த்து, கழுத்து விளிம்பு கடிபடாமல் நிறுத்த வேண்டும்.

வாய் மட்டுமல்லாமல் பானை முழுக்கவே கட்டி கட்டியாக உப்பியிருந்தால் அது வேறு வியாதி. நார்மல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன. பக்கத்துப் புள்ளிகளை வைத்துத் தளம் பொருத்தினால் நார்மலின் கோடு தெரியும், அது உள்ளே பார்க்கிறதா வெளியேவா என்பது தெரியாது. ஸ்கேனர் நின்ற இடம் தெரிந்தால் எல்லா நார்மலையும் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிடுங்கள், சண்டை தீர்ந்தது.

பாய்சான் கட்டளை ஆழம் என்று ஓர் எண் கேட்குமே, அதை 8 என்று வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 256 கட்டங்கள். 40 செ.மீ. பானைக்கு ஒரு கட்டம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10 என்றால் 1,024 கட்டங்கள், கட்டம் 0.4 மி.மீ. பக்கம் வரும். சக்கரத்தில் விரல் போன வரியெல்லாம் தெரிய வேண்டும் என்றால் 10 வேண்டும், 12 வைத்தால் இரைச்சலும் சேர்ந்து சிற்பமாகிவிடும்.

இரண்டு ஸ்கேனைப் பொருத்தினால் பானை வழுக்கிச் சுழல்கிறது; பிழை எண் மட்டும் அழகாகக் குறைகிறது

இதில்தான் ஆட்கள் அதிக நேரம் தொலைக்கிறார்கள். பொருத்துவதற்கு எல்லாரும் எடுப்பது ஐசிபி என்ற முறை. பெசல், மெக்கே இருவரும் 1992-இல் எழுதியது. ஒரு ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அருகில் உள்ள புள்ளியை ஜோடி சேர்க்கும், ஜோடிகளுக்கிடையே தூரம் குறைகிற மாதிரி நகர்த்தும், திரும்ப ஜோடி சேர்க்கும். ஆரம்ப நிலை ஓரளவு சரியாக இருந்தால் அருமையாக உட்காரும். இல்லையென்றால் அருகில் கிடைத்த ஏதோ ஒரு பள்ளத்தில் போய் விழுந்து அதுவே சரி என்று சாதிக்கும்.

சக்கரத்தில் வனைந்த பானைக்கோ இன்னொரு சிக்கல். அச்சைச் சுற்றி 30 டிகிரி திருப்பினாலும் பானை பானையாகத்தான் இருக்கிறது. புள்ளிகள் மேற்பரப்பு ஓடுகிற திசையிலேயே நகர்வதால் தூரம் கூடுவதில்லை, ஐசிபிக்கு அந்தத் திசையில் பிடிமானமே இல்லை. சராசரிப் பிழை 0.2 மி.மீ. என்று காட்டும், ஆனால் பக்கவாட்டில் இருக்கும் கீறலோ கறையோ இரண்டு இடத்தில் தெரியும். ஆகவே பிழை எண்ணை நம்பாதீர்கள், கண்ணால் அடையாளம் கண்ட ஒரு கீறல் ஒன்றோடொன்று விழுகிறதா என்று பாருங்கள். நிரல் எழுதுகிறவர்கள் தீர்வுக்கான ஆறுக்கு ஆறு அணியின் ஐகன் மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்கலாம், ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் வழுக்கல் உறுதி.

மருந்து ரொம்ப எளிது, கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிறது. பானை மேலேயே நாலைந்து சின்னக் களிமண் உருண்டைகளைச் சமமில்லாத தூரத்தில் ஒட்டிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், பிறகு மெஷ்ஷில் அந்த இடத்தை மட்டும் வெட்டி நிரப்பிக்கொள்ளலாம். ஒட்டக் கூடாத பழைய பொருள் என்றால் பக்கத்தில் கோணல்மாணலான சாமான்களை வைத்து, பானையை அசைக்காமல் ஸ்கேனர்தான் சுற்றிவர வேண்டும். நிறத்தையும் சேர்த்துப் பொருத்தும் ஐசிபியும் உண்டு, சூளைக் கறை படிந்த பானைக்கு நன்றாக வேலை செய்யும். அப்புறம் இன்னொன்று, கழுத்துப் பக்கம்தான் வழவழப்பு. அடிப்பக்கம் பலகையால் தட்டித் தட்டிச் சேர்த்ததால் அங்கே தட்டிய தடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பொருத்துவதற்கு அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலே பல நேரம் வழுக்காது.

சுழல் மேசையில் வைத்துப் போட்டோ எடுக்கிறீர்கள், பானை சுற்றுகிறது, கேமரா நிற்கிறது என்றால் பின்னால் இருக்கும் காலண்டரையும் ஜன்னலையும் மறைத்துவிடுங்கள். மென்பொருள் அசையாத ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேமரா நகரவே இல்லை என்று முடிவு கட்டிவிடும். ஒரு வெறும் வேட்டி போதும்.

சுற்றி எடுத்த ஸ்கேன்களில் அடுத்தடுத்த ஜோடி எல்லாம் சரி, முதலும் கடைசியும் சேருமிடத்தில் மட்டும் சுவர் இரட்டையாகத் தெரிகிறது என்றால் அது வழுக்கல் இல்லை. ஒவ்வொரு ஜோடியின் சின்னப் பிழையும் சேர்ந்து சேர்ந்து கடைசியில் வந்து நிற்கிறது. கடைசியை முதலோடும் ஒரு ஜோடியாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரிசெய்யும் கட்டளையை ஓட்டுங்கள். போஸ் கிராஃப் என்ற பெயரில் ஓப்பன்த்ரீடி நிரல் நூலகத்தில் இருக்கிறது.

கல்வெட்டு எழுத்து இடவலமாகத் திரும்பிவிட்டது

வட்டெழுத்தாக இருந்தால் படிக்கத் தெரியாதவருக்குத் திரும்பியதே தெரியாது, அதனால் கல்லில் எந்த மூலை உடைந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். (கோயிலில் அனுமதி வாங்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம், ஸ்டாண்டோடு போனால் கண்டிப்பாகக் கேட்பார்கள்.)

ஒரு காரணம், இடக்கை அச்சுமுறை கொண்ட மென்பொருளிலிருந்து வலக்கை முறை கொண்டதற்கு அச்சு மாற்றாமல் கொண்டுவந்தது. யூனிட்டி இடக்கை, பிளெண்டர் வலக்கை. இன்னொரு காரணம் கொஞ்சம் நுட்பம். இரண்டு ஸ்கேனைப் பொருத்தும் சுழற்சியை எஸ்விடி (அணியை மூன்றாகப் பிரிக்கும் கணக்கு முறை) மூலம் கணக்கிடும் சின்ன நிரலைப் பலரும் தாங்களே எழுதுகிறார்கள். அது தரும் அணி சுழற்சியாகவும் இருக்கலாம், பிரதிபலிப்பாகவும் இருக்கலாம். உருண்டு திரண்ட பொருளுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. கல்வெட்டோ கிட்டத்தட்டத் தட்டையான பலகை, தடிமன் திசையில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை, அதனால் பிரதிபலிப்பும் அதே அளவு நன்றாகப் பொருந்திவிடும். அணிக்கோவையைப் பாருங்கள். +1 என்றால் சரி. −1 வந்தால் மிகச் சிறிய சிங்குலர் மதிப்புக்குரிய நெடுவரிசையின் குறியை மாற்றிவிட்டு மறுபடி பெருக்குங்கள். நிரலில் இரண்டு வரி.

கல்வெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று மெருகேற்றி எழுத்தையே அழித்துவிட்டவர்கள் அநேகம். சாதாரண லாப்லாசியன் மெருகு ஒவ்வொரு முனையையும் அண்டை முனைகளின் சராசரிக்கு இழுக்கிறது, ஓட்ட ஓட்ட மாடல் சுருங்கும், பள்ளம் தூரும். டாபின் 1995-இல் சொன்ன முறையில் ஓர் அடி உள்ளே, அடுத்த அடி சற்றே அதிகமாக வெளியே என்று மாற்றி மாற்றிப் போவதால் சுருக்கம் வராது, மெஷ்லேப்பில் 0.5, −0.53 என்று இருக்கும் எண்கள் அவைதான். ஆனால் என்னைக் கேட்டால் கல்வெட்டுக்கு அதுவும் வேண்டாம். மூல மெஷ்ஷைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் சாய்வாக விட்டுப் பாருங்கள், தேய்ந்த எழுத்தும் எழும்பி வரும்.

குளம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, அல்லது கடலுக்கே போய்விட்டது

பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளம் ஒன்றின் தரைமட்டம் கழித்தல் நாற்பத்துச் சொச்சம் மீட்டர் என்று வருகிறது. ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டரை ஒட்டி. டிரோன் பழுதில்லை. ஜிபிஎஸ் தரும் உயரம் பூமிக்கு வரைந்த நீள்வட்டக் கோளத்திலிருந்து எடுத்தது, கடல் மட்டம் என்பது வேறு பரப்பு, அதற்கு ஜியாய்டு என்று பெயர். உலகத்திலேயே இரண்டும் மிக அதிகமாக விலகும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அங்கே 106 மீட்டர். அதன் ஓரத்தில் இருக்கும் நம் ஊர்ப் பக்கமும் கடல் மட்டப் பரப்பு அந்தக் கோளத்துக்கு 90 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இருக்கிறது. ஜியாய்டு திருத்தம் போட்டு ஏற்றுமதி செய்யுங்கள். வண்டல் எவ்வளவு அள்ளினார்கள் என்று முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடும்போது ஒரு கோப்பில் திருத்தம் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

குளம் வரைபடத்தில் இலங்கையைத் தாண்டிக் கடலில் மிதந்தால் யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) மண்டலம் மாறிவிட்டது. 78 டிகிரி தீர்க்கரேகைதான் எல்லை. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் 43-ஆவது மண்டலம். தூத்துக்குடியும் திருச்செந்தூரும் 44. தாமிரபரணியே நடுவில் மண்டலம் தாண்டித்தான் கடலில் சேர்கிறது. பாசன வாய்க்காலை மேலிருந்து கடைமடை வரை எடுக்கிறவர்கள் முழுவதையும் ஒரே மண்டலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் சரி, ஆனால் புள்ளிகள் வரிசை வரிசையாகக் கோடு போட்டு நிற்கின்றன, கரை படிக்கட்டாகத் தெரிகிறது என்றால் காரணம் எண்ணின் துல்லியம். திருநெல்வேலியின் யுடிஎம் மதிப்பு கிழக்கே 7,97,000 மீட்டரையும் வடக்கே 9,66,000 மீட்டரையும் ஒட்டி வரும். 32 பிட் தசம எண்ணில் அந்த அளவுள்ள இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 6.25 செ.மீ. இடைவெளி. டிரோன் 2 செ.மீ. துல்லியத்தில் எடுத்திருந்தாலும் எல்லாம் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று புள்ளி விழுந்து பரப்பே இல்லாத முக்கோணங்கள் பிறக்கும். கோப்பைத் திறக்கும்போது கிளவுட்கம்பேர் 'குளோபல் ஷிஃப்ட்' போடவா என்று கேட்கிறதே, அதற்கு 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஒரு பெரிய முழு எண்ணைக் கழித்துவிட்டு வேலை பாருங்கள், கழித்த எண்ணை எழுதி வையுங்கள், கடைசியில் 64 பிட்டில் கூட்டிக்கொள்ளலாம். ஏற்கனவே 32 பிட்டில் சேமித்த கோப்பில் போன துல்லியம் போனதுதான், மூலக் கோப்புக்குத் திரும்ப வேண்டும்.

ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை

10 லட்சம் புள்ளிக்கு அருகிலுள்ள புள்ளியை நேரடியாகத் தேடினால் ஒரு லட்சம் கோடி ஒப்பீடு. கேடி மரம் (புள்ளிகளை இடவாரியாகப் பிரித்து அடுக்கும் அமைப்பு) கட்டித் தேடுங்கள், பென்ட்லி 1975-இலேயே கொடுத்துவிட்டார், எல்லா நூலகத்திலும் தயாராக இருக்கிறது. மரம் கட்டியும் மெதுவாக இருந்தால் தேடும் ஆரத்தைப் பாருங்கள். கோப்பு மில்லிமீட்டரில் இருக்க, நீங்கள் மீட்டர் என்று நினைத்து எண் கொடுத்தாலும், கோப்பு மீட்டரில் இருக்க மில்லிமீட்டர் என்று நினைத்துக் கொடுத்தாலும் குட்டுப்படுவது நீங்கள்தான்: முன்னதில் ஒரு புள்ளிக்கும் அண்டை கிடைக்காது, பின்னதில் ஒவ்வொரு புள்ளிக்கும் மொத்தக் கோப்புமே அண்டை.

முக்கோணத்தைக் குறைக்கிறேன் என்று எடுத்த எடுப்பில் பத்தில் ஒன்றாக்க வேண்டாம். கார்லண்ட், ஹெக்பர்ட் 1997-இல் கொடுத்த குவாட்ரிக் முறை தட்டையான இடத்தில் அதிகமாகவும் வளைவில் குறைவாகவும் குறைக்கும், நல்ல முறை. ஆனால் திறந்த விளிம்பைக் காப்பாற்றும் டிக் போடாவிட்டால் பானையின் வாய் விளிம்பை ரம்பப் பல்லாக்கிவிடும். படம் ஒட்டிய மாடல் என்றால் படத்தோடு சேர்த்துக் குறைக்கும் தனிக் கட்டளை மெஷ்லேப்பில் இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். சாதாரணக் கட்டளையில் குறைத்தால் கல்லின் நிறமெல்லாம் இடம் மாறி ஒட்டும், திரும்ப ஒட்டவைக்க மூலப் படங்களும் கேமரா நிலைகளும் வேண்டும், அவற்றை அழித்திருந்தால் வேலை முதலிலிருந்துதான்.